டிம் மிதிச்ச கால்

வாங்கம்மிணி, அந்த ஸ்டூல்ல உக்காருங்க. தூசி இருந்தா தொடச்சுக்குங்க, துணி அந்த ஆணியில தொங்குது. கார்ல டிரைவர் சைடு லைட்டு எரியலைன்னுதானுங்க சொன்னீங்க? பிரைட்டும் இல்ல, டிம்மும் இல்ல. சரி. நீங்க எந்த ஊருக்குப் போறதா இருந்தாலும் சரிங்க, ஒத்த லைட்டோட உங்களை இங்கிருந்து அனுப்ப மாட்டேன். பொழுது உழுக இன்னும் ஒன்றரை மணி நேரம் கெடக்குது. அதுக்குள்ள முடிச்சுரலாம்.

நான் சித்த பேசுவனுங்க. கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது. என்ற சம்சாரம் கேப்பா, நீ வயரைப் பாக்கறயா, வந்தவங்களுக்குக் கதை சொல்றயான்னு. ரெண்டுந்தானுங்க. முப்பத்தஞ்சு வருசமா இந்த ரோட்டுல ரெண்டையும் சேத்துத்தான் செஞ்சுட்டிருக்கேன். சங்ககிரிக்கு இக்கட்ட யாரைக் கேட்டாலும் அர்த்தநாரி கடைன்னா கை காட்டுவாங்க.

மொதல்ல ஃபியூஸ் பாப்பேன். பொறவு சுவிட்சு, பொறவு ரிலே. பல்பு கடைசி. இப்பத்த ஆளுக வண்டி வந்து நின்னதும் பல்பைக் கழட்டிப் புதுசு மாட்டறாங்க. எரியலைன்னா அப்புறம் தலையைச் சொறியறாங்க. நான் அப்படி இல்லீங்க, கரண்டு வர்ற வழியிலயே நடந்து போவேன். பாருங்க, ஃபியூஸ் நல்லா இருக்குது. அது எனக்குத் தெரியுமுங்க. ஃபியூஸ் போயிருந்தா இவ்வளவு சுத்தமா ஒரு பக்கம் மட்டும் சாகாது.

இதுல இருக்கற வெவரத்தைச் சொல்றேன் கேளுங்க, வண்டி ஓட்டறவங்க தெரிஞ்சு வெச்சுக்கோணும். ஒரு பல்புக்குள்ள ரெண்டு இழை இருக்குதுங்க. ஒண்ணு தூரத்துக்குப் பாயும், அது பிரைட்டு. இன்னொண்ணு ரோட்டைப் பாத்துக் குனியும், அது டிம்மு. பின்னாடி மூணு கால். ஒண்ணு எர்த்து, அது ரெண்டு இழைக்கும் பொது. மத்த ரெண்டு காலுக்கும் தனித்தனி வயர். சுவிட்சு என்ன பண்ணுதுன்னா, கரண்டை இந்த வயர்ல விடறதா அந்த வயர்ல விடறதான்னு முடிவு பண்ணுது, அவ்வளவுதான். அதனால ஒரே பல்புல பிரைட்டு நல்லா எரியும், டிம்முக்குப் போனா செத்துப் போகும். வயர் தனி, அதனால சாவும் தனி. வெளிய இருந்து பாக்கறவனுக்குத் தெரியாது. டிம் போட்டுப் பாத்தாத்தான் தெரியும்.

அதுலயும் கிளீனர் சைடு, அதான் ரோட்டோரமா இருக்கற இடது பக்கம், போனா நான் இத்தனை பதற மாட்டனுங்க. டிரைவர் சைடு போனாத்தான் எமன். எப்படீன்னா, நீங்க மொபட்டுல எதிர்ல வர்றீங்கன்னு வெச்சுக்குங்க. லாரி ஒண்ணு வருது. அதுல கிளீனர் சைடு லைட்டு மட்டுந்தான் எரியுது. உங்க கண்ணுக்கு அது என்ன? அக்கட்ட ஓரமாப் போற ஒரு பைக்கு. ரோட்டு நடுவு காலியா இருக்குதுன்னு நெனச்சுக்குவீங்க. உங்க பக்கத்துல குழி இருந்தா ஒதுங்கி நடுவுக்கு வருவீங்க. அந்த நடுவுலதான் லாரியோட முக்காவாசி ஒடம்பும் இருட்டா வந்துட்டிருக்கும். அதனால எங்க லைன்ல ஒரு பழக்கம். ஒரே ஒரு லைட்டுதான் எரிய வெக்க முடியும்னா, அதை டிரைவர் சைடுல எரிய வெக்கோணும். கிளீனர் சைடுல இருந்து பிடுங்கியாவது இங்க மாட்டோணும். ஸ்பேனர் புடிக்கத் தெரிஞ்ச எவனுக்கும் இது தெரியும்.

ரிலே டப்பு டப்புன்னு அடிக்குது, கேக்குதுங்களா? ரிலேயும் நல்லா இருக்குது.

ஒரு லாரி விசயம் சொல்றனுங்க. இதை நான் ஒத்த லைட்டோட வர்ற எல்லார்கிட்டயும் சொல்லுவேன், பயம் வரட்டும்னு. இருபத்திரண்டு வருசம் ஆச்சு. நாச்சிமுத்துன்னு ஒரு டிரைவர். என்ற சேக்காளி. சேக்காளின்னா சும்மா இல்லீங்க, ஒரே தட்டுல தின்னவங்க. கோழித் தீவனம் ஏத்தற வண்டி ஓட்டுனான். பழைய வண்டி. அப்பெல்லாம் டிம் சுவிட்சு ஸ்டீரிங்குல இருக்காதுங்க, கீழ கிளட்சுக்குப் பக்கத்துல ஒரு குமிழு. இடது காலால மிதிக்கோணும். ஒருக்கா மிதிச்சா டிம்மு, மறுக்கா மிதிச்சா பிரைட்டு. மிதிச்சதும் குமிழு பழையபடி மேல வந்துரும். அதனால அதைப் பாத்து இப்ப எதுல இருக்குதுன்னு சொல்ல முடியாது.

ஒரு நாள் மத்தியானம் மூணரை மணிக்கு வந்து நிக்கறான். டிம் மிதிச்சா ஃபியூஸ் போகுது, மொத்த லைட்டும் அணையுதுங்கறான். பாத்தேன். டிரைவர் சைடு டிம் வயரு பாடியில ஒரசி ஒரசித் தோல் உரிஞ்சு ஷார்ட் அடிக்குது. புது வயர் இழுக்கோணும், முக்கா மணி நேர வேலை. அவனுக்கு லோடு ஏத்தியாச்சு, போகோணும். எனக்கும் அன்னிக்கு ஊட்டுல ஒரு அவசரம். அந்த வயரை வெட்டி டேப் சுத்தி விட்டேன். ஃபியூஸ் நின்னுக்குச்சு. பிரைட்டு ரெண்டும் எரியும். டிம்மு கிளீனர் சைடு மட்டும். நான் தெளிவாச் சொல்லித்தானுங்க அனுப்புனேன். நாச்சி, டிம்மு ஒரு பக்கந்தான் எரியும், பாத்துப் போ, காலையில வா, வயர் இழுத்துத் தர்றேன்னு. சொல்லித்தான் அனுப்புனேன்.

அவன் ஏரிக்கரைத் திருப்பம் தாண்டறப்போ வெளக்கு வெக்கற நேரம். எதிர்ல ஒரு மொபட்டு. தறி ஓட்டிட்டு ஊட்டுக்குப் போறவர். இந்த ரோட்டுல மொபட்டுக்கு எவனுங்க டிம் அடிப்பான்? காருக்கே அடிக்க மாட்டான். நாச்சி அடிப்பான். சைக்கிளுக்குக்கூட அடிப்பான், எதிர்ல வர்றவனுக்கும் கண்ணு இருக்குதல்லன்னு சொல்லுவான். திருப்பத்துல மொபட்டைப் பாத்த ஒடனே மிதிச்சிருக்கான். டிரைவர் சைடு அணைஞ்சு போச்சு. அந்த மொபட்டுக்காரர் பைக்குன்னு நெனச்சு நடுவுக்கு வந்து, நேரா வண்டி மூலையில. அந்த எடத்துலயே.

கேட்டீங்களா? டிம் மிதிச்சதாலதான் அவர் செத்தார். பிரைட்டைப் போட்டுட்டு முரட்டுத்தனமாப் போயிருந்தா அவருக்குக் கண்ணு கூசியிருக்கும், திட்டிட்டு ஓரமா ஒதுங்கி நின்னிருப்பார். இதை நெனச்சா எனக்குச் சோறு எறங்காது.

அதுல எனக்கு ஒரு வருத்தமும் உண்டுங்க. அவன் அதுக்கப்புறம் இந்தக் கடைக்கு வேலைன்னு வரவே இல்ல. எத்தனை நாள் அவன் வண்டிக்கு நான் சும்மா செஞ்சு குடுத்திருப்பேன், தீவாளிக்குச் சேந்து துணி எடுத்திருப்போம். ஒரு நல்லது கெட்டதுக்குக்கூடக் கூப்பிடறதில்ல. மனுசனுக்கு அவ்வளவு சீக்கிரம் மறந்து போகுமுங்களா? நான் மறக்கலை.

மறக்க விட்டாத்தானுங்களே. பொழுது உழுந்தா இந்த வாசல்ல வந்து நின்னுக்குவேன். ஒத்த லைட்டு தூரத்துல வந்துதுன்னா ஓடிப் போய் ரோட்டுல நின்னு கையை ஆட்டுவேன். ரெண்டு மூணு தடவை என் மேலயே ஏத்தப் பாத்தானுங்க. பைத்தியம்னு சொல்றானுங்க, சொல்லட்டும். அதைக்கூடத் தாங்கிக்கலாம். ரெண்டு லைட்டோட நல்லா வர்ற வண்டி எதிர்ல வர்றவனுக்கு டிம் அடிக்கும் பாருங்க, அப்ப எனக்கு ஒண்ணு அணைஞ்ச மாதிரித் தெரியும். அணைஞ்சிருக்காது. என்ற கண்ணுக்கு மட்டும் டிரைவர் சைடு அணையும். வண்டி கிட்ட வந்து தாண்டிப் போற வரைக்கும் அந்தப் பக்கம் இருட்டாத்தான் இருக்கும். ஈரோட்டுல கண் டாக்டர்கிட்டக் காட்டுனேன். சொட்டு மருந்து விட்டுப் பாத்துட்டுக் கண்ணுல ஒண்ணுமே இல்லைன்னுட்டார்.

சரி, பல்பைப் பாக்கலாம். அந்த டார்ச்சை இப்படிக் குடுங்கம்மிணி.

என்னுங்க இது.

பல்பு நல்லா இருக்குது. ரெண்டு இழையும் முழுசா இருக்குது. பின்னாடி மாட்டற கனெக்டரு கழண்டு தொங்குது. அம்மிணி, இது தானாக் கழலாதுங்க. இதுக்கு ஒரு கிளிப்பு இருக்குது, கட்டை வெரல்ல அமுக்கிட்டு இழுத்தாத்தான் வரும். குண்டுங்குழியில வண்டி எத்தனை குதிச்சாலும் வராது. கிளிப்பு மேல தூசியில வெரல் பதிஞ்சிருக்குது பாருங்க. சின்ன வெரல்.

நீங்கதான் கழட்டுனீங்களா?

எதுக்குங்க?

யாரு பொண்ணு?

நாச்சி பொண்ணுங்களா நீங்க?

இருங்க. சித்த உக்காந்துக்கறேன். நீங்க அப்ப ரெண்டாம் வகுப்போ என்னமோ படிச்சுட்டிருந்தீங்க. வண்டியில அவன் கூட, அவரு கூட, வருவீங்க. ஆரன் அடிக்கச் சொல்லி அழுவீங்க. வளந்ததுக்கு அப்புறம் நான் பாக்கவே இல்லீங்களே. நான் அவன் இவன்னு பேசிட்டேன், தப்பா நெனச்சுக்காதீங்க.

என்ன கேக்கறீங்க? ஆமாங்க. இப்பத்தான் சொன்னேன். ஆமா, ஒரு பக்கந்தான் எரியும்னு எனக்குத் தெரியும். நான்தான வெட்டுனேன்.

ஆமா. உங்கப்பா பின்னால வந்து கேட்டப்போ ரெண்டும் எரிஞ்சுதுன்னுதான் சொன்னேன்.

அம்மிணி, நீங்க நல்லா வேவு பாத்துட்டீங்க. ஒத்த லைட்டோட வர்ற தெரியாத ஆளுகிட்ட நான் சொல்ற கதையைக் கேக்கத்தான் கனெக்டரைக் கழட்டிட்டு வந்திருக்கீங்க. இருபத்திரண்டு வருசமா நான் இதை ஒரே மாதிரிச் சொல்லிட்டிருக்கேன், சொல்லித்தான் அனுப்புனேன், சொல்லித்தான் அனுப்புனேன்னு. கேட்டவங்க எல்லாம் த்சொ த்சொன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிருவாங்க. எவனும் திரும்பிக் கேட்டதில்ல. இப்படி ஒருத்தர் வந்து நிப்பாங்கன்னு நான் நெனைக்கலீங்க.

சொல்றேன். இந்தத் தடவை ஒழுங்காச் சொல்றேன்.

நான் உங்கப்பாகிட்டச் சொல்லலீங்க. ஒரு பக்கந்தான் எரியும்னு சொல்லவே இல்ல. லைட்டு ரெடின்னு மட்டுந்தான் சொன்னேன். அவரு வண்டியில ஏறி பிரைட்டைப் போட்டாரு. வெயில்ல தெரியாதல்லங்க, நான் முன்னாடி நின்னு கையை வெச்சு மறைச்சுக் காட்டுனேன், ரெண்டும் எரிஞ்சுது. டிம் மிதிச்சுப் பாக்கட்டுமான்னு கேட்டாரு. அதெல்லாம் சரியா இருக்குது, நீ கெளம்புன்னேன். மிதிச்சிருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும்.

ஊட்டுல அவசரம்னு சொன்னேன் பாருங்க. அவசரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்ற மச்சினன் ஊர்ல கெடா வெட்டு. நாலு மணி பஸ்ஸை உட்டா அடுத்தது ஆறு மணிக்குத்தான். ஆறு மணிக்குப் போனா நல்ல கறியெல்லாம் தீந்து போகும். அதுக்குத்தானுங்க. முக்கா மணி நேர வேலை வேண்டாம், கிளீனர் சைடு டிம் வயரைப் பிடுங்கி டிரைவர் சைடுல மாட்டியிருந்தாப் போதும். பத்து நிமிசம். என்ற கைக்குத் தெரியாத வேலையா? குனிஞ்சு அதைச் செய்யப் போனேன், ரோட்டுல பஸ் ஆரன் கேட்டுது, நிமிந்துட்டேன்.

நான் இலையில உக்காந்து தின்னுட்டிருந்த நேரத்துல அது நடந்திருக்குது.

அடுத்த நாள் போலீஸ் வந்துது. வண்டி கடைசியா நின்னது உன்ற கடையிலதான, லைட்டு எப்படி இருந்துதுன்னு கேட்டாங்க. பிரேக் இன்ஸ்பெக்டரும் வண்டியைப் பாத்துட்டாரு. ஆனா மோதுன பக்கம் அப்பளமா நொறுங்கிப் போச்சு, நான் டேப் சுத்துன எடமே இல்ல. மோதுன வேகத்துல வயரெல்லாம் ஷார்ட்டாகி மிச்ச லைட்டும் அணைஞ்சு போச்சு. சுவிட்சு எதுல இருந்துதுன்னு பாத்துச் சொல்ற மாதிரியும் இல்ல. வண்டியைப் பாத்து எதுவும் சொல்ல முடியாது, என்ற வாய் சொன்னாத்தான் உண்டு. பயமுங்க. டிம்மு பிரைட்டு எல்லாம் ரெண்டு பக்கமும் நல்லா எரிஞ்சுதுங்கன்னு சொன்னேன். எழுதுனாங்க. கையெழுத்துப் போட்டேன்.

அதுக்கு அர்த்தம் என்னன்னு எனக்கு அப்ப தோணலீங்க. சத்தியமாத் தோணல. என்னைக் காப்பாத்திக்கறதா மட்டுந்தான் நெனச்சேன். லைட்டு நல்லா எரிஞ்சுதுன்னா அந்த மொபட்டுக்காரர் எதுக்கு வந்து மோதுனார்? அப்ப டிரைவர் டிம் அடிக்காம பிரைட்டைப் போட்டு அவர் கண்ணைக் கூச வெச்சுட்டான்னு ஆச்சு. உங்கப்பா கோர்ட்டுல மிதிச்சேன் மிதிச்சேன்னு சொன்னாராம். யாருங்க நம்புவாங்க? எல்லா லாரி டிரைவரும் அதைத்தான் சொல்லுவாங்க. ரெண்டு வருசம் போட்டாங்க.

ஜெயில்ல இருந்து வந்த வாரமே இங்க வந்தாரு. அதை உங்களுக்குச் சொல்லியிருக்காருங்களா? சொல்லியிருக்காரு. அங்க, வாசல்ல, அந்த டயர் கெடக்கற எடத்துல நின்னாரு. நெம்ப எளச்சுப் போயிருந்தாரு. உக்காருன்னேன், உக்காரல.

"அர்த்தநாரி, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் மிதிச்சேன்னு எனக்கு ஞாபகம் இருக்குது. குமிழு அமுங்குனது காலுக்கு ஞாபகம் இருக்குது. ஆனா எல்லாரும் மிதிக்கலைங்கறாங்க. டிம்மு எரிஞ்சுதா, இல்லையா? நெசத்தைச் சொல்லு, நான் யார்கிட்டயும் போகமாட்டேன்."

அம்மிணி, அப்ப கேஸும் முடிஞ்சு போச்சு. தண்டனையும் முடிஞ்சு போச்சு. என்னை எவனும் புடிக்க மாட்டான். சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நேரத்துக்கு எனக்கு எந்தச் சாக்கும் இல்லீங்க.

"எரிஞ்சுது நாச்சி. ரெண்டும் எரிஞ்சுது. நீ மிதிச்சதா நெனச்சிருப்ப."

குனிஞ்சு தன்ற இடது காலைப் பாத்தாரு. அப்ப என்ற காலுதான்னு சொன்னாரு. அவ்வளவுதான். டீ வாங்கிக் குடுத்தேன், குடிச்சாரு. டம்ளரைக் கழுவி வெச்சுட்டுப் போனாரு. அதுக்கப்புறம் ஸ்டீரிங்கு புடிக்கலைன்னு கேள்விப்பட்டேன். எங்கயோ செங்கச் சூளையில லோடு எண்ணற வேலைக்குப் போறாருன்னு சொன்னாங்க. பஸ்ஸுல கூட முன் சீட்டுல உக்காரமாட்டாருங்களா? அது எனக்குத் தெரியாது.

பக்கவாதமா? எப்ப? இடது பக்கமுங்களா?

ஐயோ. அப்படியா சொல்றாரு? இந்தக் கால் இப்ப சாகல, அன்னிக்கே செத்துப் போச்சுன்னா? கட்டில்ல படுத்துட்டு அதையேவா சொல்றாரு? நீங்க தைலம் தேச்சு விடும்போதும், அந்தக் காலைத் தேய்க்க வேண்டாங்கறாருங்களா?

போதுங்கம்மிணி. புரியுது.

வருசா வருசம் செத்தவர் திதிக்கு அந்த ஊட்டு வாசல்ல போய் நிக்கறது வேறயா. உள்ள கூப்பிட மாட்டாங்க, இவரும் போகமாட்டாரு, நின்னுட்டு வந்துருவாரு. இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லலீங்க. நான் இங்க உக்காந்துட்டு, சேக்காளி என்னைக் கண்டுக்கறதில்லைன்னு வர்றவங்க போறவங்ககிட்டப் பொலம்பிட்டு இருந்திருக்கேன்.

ஆனா நான் சொல்லாததுக்கு ஒரு காரணம் இருக்குதுங்க. சிரிக்காதீங்க. கேஸ் முடியற வரைக்கும் பயம், ஒத்துக்கறேன். அப்புறம் பயம் இல்ல. அவருகிட்டப் போய், நீ மிதிச்ச, உன் கால் மேல தப்பில்லைன்னு சொல்றேன்னு வெச்சுக்குங்க. மனுசன் அடுத்து என்ன கேப்பாரு? மிதிக்காம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு கேப்பாரு. நான் என்னன்னு சொல்லட்டும்? மிதிக்காம இருந்திருந்தா அவர் பொழச்சிருப்பாருன்னா? டிம் மிதிக்க மறந்துட்டோம்னு நெனச்சுட்டு இருக்கறவருக்கு அது ஒரு பாரம். மறக்காம, நல்ல மனசோட மிதிச்சதாலதான் ஒருத்தர் போனார்னு தெரிஞ்சா அது எத்தனை பாரம்? அதான், இதுவே இருந்துட்டுப் போகட்டும்னு உட்டுட்டேன். அவரோட நல்லதுக்குன்னு.

என்ன சொன்னீங்க?

ஆமாங்க. அந்தக் கேள்வி அவரோடதுதான். அவருக்குப் பதிலா நான் கேட்டு, நானே முடிவு பண்ண வேண்டியதில்ல. சரிதான். சின்னப் பொண்ணுகிட்ட வாங்கிக் கட்டிக்கறேன்.

சரி, நான் வந்து சொல்றேன். இந்த வாரம் முடியாதுங்க, ரெண்டு வண்டி வயரிங்குக்கு நிக்குது. அடுத்த வாரம் அமாவாசை வருது. அது கழிஞ்சு ஒரு நாள்.

இல்ல, ஏமாத்தலீங்க. வருவேன். நீங்களே போய்ச் சொல்லுங்களேன், நான் சொன்னேன்னு. நீங்க சொன்னா நம்பமாட்டாருங்களா? மகள் ஆறுதலுக்குச் சொல்றான்னு நெனப்பாருங்களா?

இப்பவா? ஃபோன்லயா?

கை பூராவும் கிரீஸுங்க. பரவால்லைங்கறீங்களா. சரி. போடுங்க. ஸ்பீக்கர்ல வேண்டாம், காதுல வெச்சுக்கறேன். அந்தத் தண்ணி பாட்டலை எடுங்க. வேண்டாம், அடிக்குது, எடுத்துட்டாரு.

அலோ. நாச்சி. நான் அர்த்தநாரி பேசறேன். ஆமா, கடையில இருந்துதான். உன்ற பொண்ணு இங்கதான் இருக்குது, நல்லா இருக்குது, வண்டியில ஒண்ணும் இல்ல. நீ பேச வேண்டாம், மெதுவா இரு. நான் சொல்றதை மட்டும் கேளு.

நாச்சி, நீ மிதிச்ச. அன்னிக்கு டிம்மு நீ மிதிச்ச. டிரைவர் சைடு டிம் வயரை நான் வெட்டி உட்டுட்டேன். உன்கிட்டச் சொல்லல. நீ மிதிச்சதும் அந்தப் பக்கம் அணைஞ்சு போச்சு, அதான் அவர் வந்து மோதுனார். போலீஸ்ல நான் சொன்னது பொய். நீ வந்து கேட்டப்போ சொன்னதும் பொய். உன்ற கால் நல்லாத்தான் இருந்துது நாச்சி. கால் மிதிச்சுது.

அலோ? இருக்கறயா?

ஆமா. மிதிச்ச.

ஆமாப்பா, நெசமா. எங்கம்மா மேல சத்தியமா. மிதிச்ச.

அழறாருங்கம்மிணி. இல்ல, நீங்க வாங்க வேண்டாம், இருங்க, ஏதோ கேக்கறாரு. சொல்லு நாச்சி. வாய் குழறுது உனக்கு, மெதுவாச் சொல்லு. மிதிக்காம இருந்திருந்தாவா?

பொழச்சிருப்பார். ஆமா. பிரைட்டுலயே போயிருந்தா பொழச்சிருப்பார். நீ சைக்கிளுக்குக்கூட டிம் அடிக்கறவன்னு தெரிஞ்சிருந்தும் நான் அந்த வயரை வெட்டி உட்டேன். அது உன்ற தப்பு இல்ல. என்னுது. நான் பஸ்ஸுக்கு ஓடுனேன் நாச்சி, கறி தின்ன ஓடுனேன். மன்னிக்கச் சொல்ல மாட்டேன். உன் வாய்ல என்ன வருதோ திட்டு.

திட்ட மாட்டயா? வேற என்ன பண்ணட்டும்? நீ சொல்றதைச் செய்யறேன். இந்தத் தடவை பின் வாங்க மாட்டேன்.

புதன்கிழமையா? வர்றேன். உன்னால நடக்க முடியாதே, பொண்ணு வண்டியில கூட்டிட்டு வருமா? சரி. நானும் வர்றேன். ரெண்டு பேரும் சேந்தே போலாம். யாரு ஊட்டுக்குன்னு சொன்ன? கருப்பணன் ஊட்டுக்கா? சரி, அங்க போய் என்ன சொல்லோணும்? அது யாரு நாச்சி, எந்தக் கருப்பணன்?

அலோ. நாச்சி. அலோ.

வெச்சுட்டாருங்கம்மிணி. டவர் போயிருச்சோ என்னமோ. புதன்கிழமை கருப்பணன் ஊட்டுக்கு ரெண்டு பேரும் போகோணும், நீ அங்க வந்து உன் வாயால சொல்லோணும்னாரு. எனக்கு அப்படி யாரையும் தெரியாதுங்களே. உங்க சொந்தத்துல யாராச்சுங்களா?

ஏனுங்க, எதுக்கு அப்படிப் பாக்கறீங்க?

அவர் பேருங்களா?

நான் மொபட்டுக்காரர்னே சொல்லிட்டிருந்தனுங்க. இத்தனை வருசமும் அப்படியேதான். போலீஸ்ல நான் கையெழுத்துப் போட்ட காயிதத்துல பேரு இருந்திருக்கும், படிக்கல. யார்கிட்டயும் கேக்கவும் இல்லீங்க.